தொரை மெச்சினார்

எங்கள் அப்பாவுக்கு இங்கிலீசு தெரியும். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இங்கிலீசு பேசும் கங்காணி அவர் ஒருவர்தான் என்று, கேட்காதவர்களிடமும் நான் சொல்லித் திரிவேன்.

அந்த வருடம் அம்மாவுக்குப் பால் வற்றிப்போய், கைக்குழந்தையான தம்பி எங்கள் மாட்டுப் பாலில்தான் உயிர் வளர்த்தான். அந்த மாட்டு மகராசி ஒரு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய், தோட்டத்துத் தொரையின் பங்களா ரோசாச் செடிகளை மொட்டையடித்துவிட்டாள்.

மறுநாள் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது, தொரை அப்பாவிடம் இங்கிலீசில் கேட்டாராம்: “கங்காணி, என் ரோசாக்கள் உன் மாட்டுக்குப் பிடித்திருந்தனவா?” அப்பாவும் அதே இங்கிலீசில், “ரொம்பப் பிடித்திருந்தன தொரே” என்று பல்லெல்லாம் தெரியச் சொல்லிவிட்டு வந்தார். தொரையே விசாரித்ததில் அவருக்கு அவ்வளவு பெருமை. தொரை கண் மாட்டின் மேல் பட்டுவிட்டதென்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.

பங்களாவிலேயே தங்கி, தொரையின் பிள்ளைக்கு ஆயாவாக இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அட என் அண்ணே! தொரைமாரு திட்டுறதே இப்பிடித்தான். மாட்டைத் தோட்டத்த விட்டு ஓட்டுன்னு சொல்லியிருக்காரு. நீங்க சிரிச்சிட்டு வந்திருக்கீங்களே!”

அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அம்மா தம்பியை அணைத்துக்கொண்டு அழுதாள்.

“அழாதீங்க அண்ணி. அவரு பேசுற மாதிரியே நானும் பேசிட்டு வர்றேன்” என்று அத்தை கிளம்பினாள்.

சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்து நடந்ததைச் சொன்னாள். பங்களா மாட்டுக்குக் கறவை நின்றதிலிருந்து தொரையின் பிள்ளைக்கும் எங்கள் வீட்டுப் பால்தான் போய்க்கொண்டிருந்தது. அது தொரைக்குத் தெரியாது. அத்தை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “பாவம், பாப்பாவுக்கு இன்றைக்குத்தான் கடைசிப் பால். கங்காணி மாடு மடுல்சீமைத் தோட்டத்துக்குப் போகிறதாம்” என்று மட்டும் சொன்னாளாம். தொரை ரோசாச் செடிகளைப் பார்த்துக்கொண்டே, “ஒரு மாட்டுக்கு மடுல்சீமை ரொம்பத் தூரம்” என்றாராம்.

“அப்பிடின்னா?” என்றாள் அம்மா.

“மாடு இங்கயே இருக்கட்டும்னு அர்த்தம்.”

“வேற ஒண்ணும் சொல்லலியா?” என்றார் அப்பா.

“சொன்னாரு. ‘ஆயா, நீ பெரிய புத்திசாலி. எங்க பங்களா உனக்குப் பத்தாது’ன்னாரு.”

“பாத்தியா! தொரை வாயாலேயே!” என்று அப்பா தொடையைத் தட்டினார். நான் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்க ஓடி, தொரை என் அத்தையை மெச்சியதைக் கதவு கதவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோதுதான் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா மூலையில் அத்தையின் தகரப் பெட்டி இருப்பதைக் கண்டேன். “நாளையிலேருந்து எனக்கும் சேத்து ஒல வையுங்க அண்ணி” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அத்தை இனி எங்களோடுதான் என்று நான் கைதட்டிக் குதித்தேன்.