மகள் என்ற சொல்லுக்கு முன்னால்

என் தங்கை மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் ஒன்றைக் கவனிப்பார்கள். வயதில் மிகவும் இளையவரை நான் ‘அவர்’ என்று எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது அவர் கேட்ட மரியாதையை நான் கொடுக்கவில்லை. அதையும் அவர் தமக்காகக் கேட்கவில்லை. தம் மகளுக்காகக் கேட்டார். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். தங்கையின் சிறப்புகளை மட்டும் படிக்க விரும்புகிறவர்கள் இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள்.

தங்கை அறந்தாங்கியில் பிறந்தார். எங்கள் தந்தையார் பள்ளித் தலைமையாசிரியர். தங்கைக்கு நினைவு தெரியும் முன்பே தாயார் இறந்துபோனார். சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து அவரைப் பள்ளிக்கு அழைத்துப் போனவன் நான். தலை பின்னத் தெரியாமல் ரிப்பனை முடிச்சுப் போட்டு அனுப்பியவனும் நான்தான். அம்மா இல்லாத பிள்ளை என்று யாராவது பரிதாபப்பட்டால், “எங்கண்ணன் இருக்காருல்ல” என்பாராம். அந்தப் பதிலைப் பல காலம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். இப்போது சொல்வதில்லை.

கணிதம் படித்து ஆசிரியப் பயிற்சி முடித்தார். அதற்குள் நான் ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்திருந்தேன். கனடாவில் சில ஆண்டுகள் இருந்து, அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, துபாய்க்கு வேலைக்கு வந்த ஒருவரை நான்தான் அவருக்கு மாப்பிள்ளையாகப் பார்த்தேன். நல்ல மனிதர். இருவரும் அல் குசைஸில் வீடு எடுத்தார்கள். தங்கை இந்தியப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை ஆனார். விடுமுறை நாட்களில் சோனாப்பூர் முகாமுக்குப் போய், ஊர்ப்பக்கத்துத் தொழிலாளர்களுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுப்பார். “டீச்சரம்மா” என்றுதான் அங்கே அவருக்குப் பெயர்.

கரு ஒவ்வொரு முறையும் கலைந்தது. கடைசி முறை உயிரே போகிற நிலைக்கு வந்து மீண்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் கணவருடன் என் வீட்டுக்கு வந்தார். அவரோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் எத்தியோப்பியாவில் ஒரு குழந்தையைத் தத்தெடுத்திருந்தார். அதே இல்லத்தில் இன்னொரு பெண்குழந்தை இருப்பதாகத் தங்கை சொன்னார்.

“நம்ம ஊர்ல புள்ளையா இல்ல?” என்று கேட்டேன்.

“இருக்குண்ணே. ஆனா இவள நான் பாத்துட்டேனே. போட்டோவுல என்னையே மொறைச்சுப் பாக்குறா, ஏன் இவ்வளவு லேட்டுன்னு கேக்குற மாதிரி.”

“ஊர் என்ன சொல்லும்?”

“ஊரு எனக்கு ஒரு புள்ளையப் பெத்துக் குடுத்துச்சா, சொல்லுறதுக்கு?”

மைத்துனர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

தத்தெடுப்பதற்கு முன் ஒரு சமூகப் பணியாளர் வந்து குடும்பத்தாரை விசாரிக்க வேண்டும் என்பது விதி. அந்த அம்மையார் என்னையும் பார்க்க வந்தார். இந்தக் குழந்தையை உங்கள் குடும்பம் தன்னுடையதாக ஏற்குமா என்று நேரடியாகக் கேட்டார். நான் படித்தவன்; நன்றாகப் பேசத் தெரிந்தவன். எங்கள் வழக்கத்தில் தாய்மாமனுக்கு இருக்கும் இடத்தை விளக்கினேன். குழந்தைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில்தான். பெண் ஆளானால் முதல் சீர் அவருடையது. திருமண மேடையில் அவருக்கு மாலை மரியாதை உண்டு என்றெல்லாம் சொன்னேன். அந்த அம்மையார் வியந்துபோனார். “அப்படியானால் இந்தக் குழந்தை கொடுத்துவைத்தது” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பேசியது எதுவும் பொய்யான வழக்கம் இல்லை. அதைச் செய்யப் போகிறவன் நான் என்பது மட்டும்தான் பொய்.

குழந்தை வந்தாள். மூன்று வயதுகூட நிறையவில்லை. பெயர் செலாம். அவர்கள் மொழியில் அமைதி என்று பொருளாம். பெற்றவள் வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்று தங்கை உறுதியாக இருந்தார். ஊரிலிருந்து எங்கள் சித்தி தொலைபேசியில், “பேரு செலாமா? அப்ப அவளக் கூப்புட்டா நாங்க வாலேக்கும் செலாம்னு சொல்லணுமாடி?” என்று கேட்டார்.

“சொல்லுங்க சித்தி. பெரியவங்க மரியாதை குடுத்தாத்தான் புள்ளைங்க கத்துக்கும்” என்றார் தங்கை.

குழந்தை ரொட்டித் துண்டுகளைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தாள். நாளைக்குச் சாப்பாடு கிடைக்காது என்ற பயம். தங்கை அவளைத் திட்டவும் இல்லை, ரொட்டியை எடுத்து எறியவும் இல்லை. காலையில் பழைய துண்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதிய துண்டை வைப்பார். பல மாதங்களுக்குப் பிறகு குழந்தை ஒளிப்பதைத் தானாகவே நிறுத்தினாள். அவளுடைய சுருட்டை முடியைச் சிக்கெடுக்க, பக்கத்துத் தெரு அழகு நிலையத்தில் வேலை செய்த எத்தியோப்பியப் பெண்ணிடம் போய்த் தங்கை பின்னல் கற்றுக்கொண்டார். அந்தப் பெண்ணிடமே அவர்கள் ஊர் ரொட்டி சுடவும் கற்றார். “நம்ம ஆப்பத்துக்குப் புளிப்பான அக்கா” என்று சொல்லி எனக்கும் கொடுத்தனுப்பினார். என் வீட்டில் அதை யாரும் தொடவில்லை.

அடுத்த ஆண்டு காது குத்து வைத்தார்கள். குசைஸ் வீட்டுக் கூடத்தில் பலகை போட்டிருந்தது. நகைக்கடையிலிருந்து ஆசாரி வந்திருந்தார். செலாமுக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை. நான் உள்ளே நுழைந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு, “மாமா மடி! மாமா மடி!” என்றாள். ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அப்போது என் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம். கூடத்தில் ஆளாளுக்குக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தை என் மடியில் இருக்கும் படம் சம்பந்தி வீட்டார் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன்.

“தாய்மாமன் யாருங்க? வந்து உக்காருங்க சார்” என்றார் ஆசாரி.

“இடுப்புப் பிடிச்சிருக்கும்மா. கீழ உக்கார முடியாது” என்று தங்கையிடம் சொன்னேன்.

அவர் உள்ளே போய் நாற்காலி எடுத்துவந்து போட்டார். “இதுல உக்காருங்கண்ணே. மடி மடிதானே.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து, சிரித்த முகத்தோடு குழந்தையின் கன்னத்தைத் தட்டினேன். “மாமா இல்லடா கண்ணு. அங்கிள். எங்க, அங்கிள் சொல்லு.”

அமீரகத்தில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். இங்கே நம் பிள்ளைகளுக்குப் பள்ளி பஸ் டிரைவர் அங்கிள், கடைக்காரர் அங்கிள், லிஃப்டில் உடன் வருகிற முகம் தெரியாதவரும் அங்கிள். மாமா என்றால் சொந்தம். அந்தக் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. “அங்கிள்” என்று உடனே அழகாகச் சொன்னாள். தங்கை நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு, மகளைத் தம் மடியில் வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். ஊசி இறங்கும்போது குழந்தை அழுததைவிட அவர் அழுததுதான் அதிகம். மகளின் வலியைப் பார்த்து அழுகிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

என் மகளின் திருமணம் ஊரில் நடந்தது. தங்கை வந்தார். செலாமை அடுத்த வீட்டு மலையாளச் சகோதரியிடம் விட்டுவிட்டு வந்தார். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அழைத்துவா என்றும் சொல்லவில்லை. வழியனுப்பும்போது, “புரிஞ்சு நடந்துக்கிட்டம்மா” என்று சொன்னேன். அவர் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

பிறகு வருடங்கள் ஓடின. செலாம் அம்மாவிடமே தமிழ் எழுதப் படிக்கக் கற்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்த என் பேரப்பிள்ளைகளுக்கு இன்றுவரை தமிழ் வாசிக்கத் தெரியாது. செலாம் ஆளானபோது எனக்குச் சொல்லவில்லை. அந்த மலையாளச் சகோதரி முதல் தண்ணீர் ஊற்றினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஏன் சொல்லவில்லை என்று தங்கையைத் தொலைபேசியில் கேட்டேன்.

“சொன்னா உங்களுக்கு இடுப்பு வலிக்குமேண்ணே” என்றார்.

அவருக்குப் புற்றுநோய் வந்தது. முடி உதிர்ந்தபோது, செலாம் தன் தலையைச் சுற்றிக் கட்டும் வண்ணத் துணியை அம்மாவுக்கும் அதே போலக் கட்டிவிட்டாள். இரண்டு பேரும் மருத்துவமனை நடைபாதையில் நடந்து வந்தால் அக்கா தங்கை போல இருக்கும் என்று மைத்துனர் சொல்வார். நினைவு தெளிவாக இருந்த கடைசி வாரத்தில் தங்கை என்னைத் தனியாக அழைத்தார்.

“ஒண்ணே ஒண்ணுதாண்ணே. அவள என் மகள்னு சொல்லுங்க. முன்னாடி எந்தச் சொல்லும் ஒட்டாம. ஊர்ல எல்லாருக்கும் அப்படியே சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க.”

“சொல்றேம்மா.”

“அந்த விசாரிக்க வந்த அம்மாகிட்ட சொன்னீங்களே, அந்த மாதிரியா? நெசமாவா?”

“நெசமா” என்றேன். கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் ஒரு நாள் காலையில் இறந்தார். மைத்துனர் சான்றிதழ்களுக்காக அலைந்துகொண்டிருந்தார். நன்றாக எழுதுகிறவன் என்பதால் கண்ணீர் அஞ்சலி அறிவிப்பை எழுதும் வேலை எனக்கு வந்தது. ‘அன்பு மகள் செலாம்’ என்றுதான் முதலில் எழுதினேன். ஊரிலிருந்து சித்தி கூப்பிட்டார்.

“மகள்னு மட்டும் போட்டு, அந்தப் புள்ள படத்தையும் போட்டா, தெரியாதவன் என்னடா நெனப்பான்? இவ யாருக்கோ பெத்தான்னு நெனைக்க மாட்டானா? செத்தவ பேரு கெடணுமா?”

தங்கையின் மானத்தைக் காப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ‘அன்பு’ என்பதை எடுத்துவிட்டு ‘வளர்ப்பு’ என்று மாற்றினேன். வளர்ப்பு மகள். உறவினர் குழுவில் அனுப்பினேன். என் தங்கை இறந்து அரை நாள்கூட ஆகவில்லை.

செலாம் கூடத்தில் தன் கைபேசியில் அதைப் பார்த்தாள். வாய்விட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அந்தச் சொல்லில் நின்றாள்.

“அப்பா, இத யாரு எழுதினா?”

அலைந்துவிட்டுத் திரும்பியிருந்த மைத்துனர் அப்போதுதான் அதைப் படித்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“நான்தாம்மா” என்றேன்.

“அம்மா எனக்குத் தமிழ் படிக்கக் கத்துக் குடுத்தாங்க அங்கிள். இதப் படிக்கிறதுக்கா?”

அவள் கத்தவில்லை. பெரியவர்களிடம் பேசும் முறை அவளுக்குத் தெரியும். அதையும் தங்கைதான் கற்றுக்கொடுத்திருந்தார்.

யார் கொள்ளி வைப்பது என்று ஊரிலிருந்து கேட்டார்கள். என் மகன் வைக்கலாம் என்று நானும் சொன்னேன். மைத்துனர், “என் மகள் இருக்கா, மச்சான்” என்று மட்டும் சொன்னார். ஜெபல் அலி மயானத்தில் அவளே எல்லாக் கடமைகளையும் செய்தாள். சோனாப்பூரிலிருந்து டூட்டியை விட்டு வந்திருந்த தொழிலாளர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். பிறந்த வீட்டுக் கோடியாக நான் ஒரு புடவை கொண்டுபோயிருந்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி அம்மாவின் மேல் போர்த்தினாள். “தேங்க்யூ அங்கிள்” என்றாள்.

பிறகு மைத்துனரும் அவளும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். இந்த மலரைப் போடலாம் என்று தோன்றியபோது மைத்துனருக்குத் தொலைபேசி செய்தேன். அவர், “அவகிட்டயே கேளுங்க. இது அவ அம்மாவுக்கான புத்தகம்” என்று தொலைபேசியைச் செலாமிடம் கொடுத்தார்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டுக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

“எழுதுங்க அங்கிள். ஆனா நடந்ததை எழுதுங்க. முதல் பக்கத்தை நானே தமிழ்ல எழுதி அனுப்புறேன். அதுல ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது.”

“மாத்த மாட்டேன்.”

“இன்னொண்ணு. உறவுமுறை போடுற இடத்துல தாய்மாமன்னு உங்க பேரு வேணாம். அம்மா எனக்கு அப்படி ஒருத்தரக் காட்டவே இல்ல.”

அச்சகத்தார் அந்த இடம் வெற்றாக இருக்கிறதே என்று இருமுறை கேட்டார்கள். அப்படியே விடச் சொன்னேன்.

தங்கையைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எந்த நேரம் அழைத்தாலும் கதவைத் திறந்த அடுத்த வீட்டு மலையாளச் சகோதரிக்கும், பின்னல் கற்றுக்கொடுத்த எத்தியோப்பியப் பெண்ணுக்கும், சான்றிதழ்களுக்காக மைத்துனரோடு அலைந்த தமிழ் நண்பர்களுக்கும், ஒரு நாள் சம்பளத்தை விட்டு மயானத்துக்கு வந்த சோனாப்பூர்த் தம்பிகளுக்கும் இந்தக் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த நன்றியைச் சொல்லும் உரிமை தங்கையின் மகள் செலாமுக்கு உரியது. அவள் அனுமதித்ததால் நான் எழுதுகிறேன். வேறு எந்த உறவையும் சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லாததால், இறந்தவருக்கு

அண்ணன்