ஒரு வருஷம்தான்

சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. சங்கக் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ, அவர் தலையில்தான் பதவி விழும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, பெங்களூரிலிருந்து வரும் ரயில் பங்காருப்பேட்டையில் வெகுநேரம் நின்றுவிட்டது. நான் வேலை முடிந்து வீடு வந்து சேர்ந்தபோது மினிட்ஸ் புத்தகமும் ரப்பர் ஸ்டாம்பும் வாசலில் எனக்காகக் காத்திருந்தன. "கன்னடம் எழுதத் தெரிஞ்சவ நீதாம்மா. ஒரு வருஷம்தான்" என்றார்கள். அன்றிலிருந்து நான்தான் செயலாளர்.

சங்கத்துக்கு ஒரே வேலைதான். சுரங்கம் மூடிய பிறகும் நாங்கள் குடியிருக்கிற குவார்ட்டர்ஸ் வீடுகளை எங்கள் பேருக்கே எழுதித் தரச் சொல்லி மனு கொடுப்பது. மனு கொடுத்தால் இன்னொரு தாள் கேட்பார்கள். அதைக் கொண்டுபோனால் பழைய மனு எங்கே என்பார்கள். ஆறு நாள் விடியுமுன் வேலைக்கு ரயில், ஏழாவது நாள் மனு எழுதுவது, அதைக் கொடுக்க லீவு போட்டு ஆபீஸ். சுரங்கத்தில் இறங்கிய அப்பாவுக்காவது ஷிஃப்ட் முடிந்ததும் ஆளை ஏற்றி இறக்குகிற கேஜ் மேலே வந்தது.

இந்த வருஷம் என் கணவர் பெங்களூரில், எங்கள் இருவருக்கும் நடந்தே வேலைக்குப் போகிற தூரத்தில், ஒரு வீடு பார்த்துவிட்டார். இங்கே கொழுந்தனார் குடும்பம் இருக்கும். நான்கு அட்டைப் பெட்டிகளில் சாமான் கட்டினேன். பதவியை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வராதவன் தலையில் கட்டிவிட்டு ஓட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கொடுமை எனக்குத் தெரியும்.

அதனால் வீடு வீடாகத் துண்டுச்சீட்டு கொடுத்தேன். "செயலாளர் யாருன்னு எழுதாதீங்க. உங்க வீட்ல ஒரு கஷ்டம்னா முதல்ல யார் கதவைத் தட்டுவீங்க, அந்தப் பேரை எழுதுங்க. என் பேர் மட்டும் வேணாம்" என்றேன். பிஸ்கட் டப்பாவில் சேர்ந்த சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் ஒரே ஆள். குழாயடி அக்கா.

எனக்கு ஆச்சரியமே இல்லை. தண்ணீர் வருகிற நாளில் வரிசையை ஒழுங்கு பண்ணுவது அவள்தான். பிள்ளைத்தாய்ச்சியை முதலில் விடுவாள், தன் குடத்தைக் கடைசியில் வைப்பாள். ஊரையே வாயால் விரட்டுகிறவர்கள்கூட அவள் "தள்ளி நில்லு" என்றால் நிற்பார்கள். ஆறு வருஷம் என் கண்ணெதிரே இருந்தவளை இத்தனை நாள் எப்படி விட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சீட்டுகளோடு குழாயடிக்கே போனேன்.

"இன்னாம்மா இது?"

"நீங்கதான்க்கா அடுத்த செயலாளர். எல்லாரும் எழுதியிருக்காங்க."

"எனக்குக் கன்னடம் எழுத வராது."

"நான் எழுதி போன்ல அனுப்புறேன்க்கா."

அவள் குடத்தை நகர்த்தி வைத்தாள். "எத்தினி நாளுக்கு?"

பதில் என் நாக்கில் தயாராக இருந்தது. "ஒரு வருஷம்தான்க்கா" என்றேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு உங்கிட்ட 'ஒரு வருஷம்தான்'னு சொன்னதே நான்தானேம்மா" என்றாள். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அவள் அடுத்த குடத்தை வைத்தாள்.

அன்று சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் சங்கக் கூட்டம். முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். இந்த முறை வராதவள் என்று யாரும் சொல்ல முடியாது. சீட்டு விவரத்தைப் படித்தேன். எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள். "மனு பாதியில நிக்குது. ஆபீஸ்ல இவ மொகம்தான் தெரியும். நான் போயி இன்னான்னு சொல்ல? பத்திரம் வர்ற வரைக்கும் இவளே இருக்கட்டும். ஒரு வருஷம்தான்" என்றாள்.

கைகள் வரிசையாக எழுந்தன. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ஆபீஸ் படி ஏறும்போதெல்லாம் ஆறு வருஷமாக எனக்கு வருகிற அதே பயம் அவள் முகத்தில் இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். பேசாததைச் சம்மதம் என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வேண்டியவளும் நான்தான். எழுதினேன், ஸ்டாம்ப் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டிய பெட்டிகளை ஓரமாகத் தள்ளி வைத்தார். நான்கு பெட்டிகளில் ஒன்றை மட்டும் பிரித்தேன். மறுநாளும் விடியுமுன் ரயில், அதற்கு முன் சோறு வைக்க வேண்டும், குக்கர் அதில்தான் இருந்தது.