ஆறு மேற்கே திரும்பிய காலை

எங்கள் வடக்கனந்தலில் நண்டு பிடிக்க வலை வேண்டாம், கை போதும். நடவு முடிந்த கழனியின் வரப்பில் வளையைப் பார்த்ததும் அப்பா குத்துக்காலிட்டு உட்காருவார். கையை முழங்கை வரை உள்ளே விட்டு, நண்டு யோசித்து முடிப்பதற்குள் அதை வெளியே இழுத்துப்போடுவார். ஊரில் தண்ணீர் முறை வைப்பதிலும் நண்டு பிடிப்பதிலும் அவரை மிஞ்ச ஆளில்லை என்று சொல்வார்கள். அதிகமாகச் சொன்னவர் அவர்தான் என்பது வேறு விஷயம்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், சித்திக்குப் பிறந்திருந்த குழந்தையைப் பார்க்கப் பரங்கிப்பேட்டைப் பக்கம் போனோம். சித்தப்பா அங்கே ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி அவர்கள் வீடு. கடலும் ஆறும் கலந்து கிடக்கும் அந்த அகலமான நீர்ப்பரப்பைக் கழி என்றார்கள். போன மறுநாள் காலையே சித்தப்பா, “வாங்கண்ணே, புள்ளைங்களுக்கு நண்டு புடிக்கக் காட்டலாம்” என்று அழைத்தார். தனக்கே ஒருவர் நண்டு பிடிக்கக் காட்டுவதா என்று அப்பாவின் முகம் அப்போதே கொஞ்சம் மாறியது.

அம்மாவும் சித்தியும் குழந்தையோடு வீட்டில் இருந்துவிட்டார்கள். நாங்கள் நால்வரும் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து, கழியின் நடுவே இருந்த மணல் திட்டுக்குப் போனோம். நான்கு வயதுத் தங்கை அப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்தாள். சட்டையும் போனும் நனையக் கூடாதென்று அப்பா இரண்டையும் கரையிலேயே வைத்துவிட்டார்.

சித்தப்பாவிடம் இரும்பு வளையத்தில் கட்டிய மூன்று வலைகள் இருந்தன. நடுவில் கோழிக் காலைக் கட்டி, கயிற்றோடு ஆழத்தில் இறக்கினார். “இப்ப யாரும் அசைக்கக் கூடாது. நண்டு வந்து உக்காந்து சாப்புடட்டும். அப்புறம் ஒரே இழுப்பு. நடுவுல நின்னா இறங்கிப் போயிடும்.” எனக்கும் ஒரு கயிற்றைக் கொடுத்தார். முதல் தடவை பாதியில் நிறுத்திக் கோட்டை விட்டேன். இரண்டாம் தடவை என் உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒன்று வந்தது. வயிற்றில் மஞ்சளாக முட்டை ஒட்டியிருக்கிறதென்று அதைத் திரும்பத் தண்ணீரில் விடச் சொன்னார். அழுகையை அடக்கிக்கொண்டு விட்டேன்.

மூன்றாவதாக வந்ததை அப்பா ஊர் வழக்கப்படி முன்பக்கமாகப் பிடித்தார். அது அவர் கட்டை விரலைப் பிடித்தது. கழனி நண்டு கிள்ளினால் விரல் சிவக்கும். இது பிடித்ததும் ரத்தம் வந்தது. சித்தப்பா நண்டின் முதுகைக் குச்சியால் அழுத்தி விரலை விடுவித்துவிட்டுச் சிரித்தார்.

“இது உங்க ஊரு நண்டு இல்லண்ணே. பின்னாடியா புடிக்கணும்.”

“தெரியும் சகல. சும்மா எம்மாம் பலம் இருக்குதுன்னு பாத்தேன்” என்றார் அப்பா, விரலைச் சப்பிக்கொண்டே.

சித்தப்பாவுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அரை மணியில் வந்துவிடுவதாகச் சொல்லிக் கிளம்பியவர், கரையோரம் சுண்ணாம்பு அடித்து நட்டிருந்த ஒரு கல்லைக் காட்டினார். “அண்ணே, கொஞ்ச நேரத்துல ஏத்தம் வரும், கடல் தண்ணி உள்ள ஏறும். அந்தக் கல்லோட அடி நனைஞ்சா புள்ளைங்களத் தூக்கிக்கினு கரைக்கு வந்துடுங்க. நிக்காதீங்க.”

“போய்யா, பத்து வயசுலேர்ந்து தண்ணி கட்டுறவன் நானு. எனக்குத் தண்ணியப் பத்திச் சொல்றியா?”

அவர் போனதும் நண்டுகள் எங்களுக்காகவே காத்திருந்ததுபோல வர ஆரம்பித்தன. தூக்கும்போதெல்லாம் வலைக்கு இரண்டு, மூன்று. அப்பா இப்போது பின்பக்கமாகவே பிடித்தார். வாளி நிறைந்துகொண்டு வந்தது. தங்கை வாளியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு நண்டுக்கும் எங்கள் தெருக்காரர்களின் பெயரை வைத்தாள்.

“அப்பா, கல்லு நனைஞ்சிடுச்சு” என்றேன்.

“இருடா, இன்னும் ரெண்டு தூக்கு. உங்க சித்தப்பன் வந்து பாத்து வாயப் பொளக்கணும்.”

இரண்டு தூக்கு ஐந்தானது. அப்பா திடீரென்று கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார். காலையில் கிழக்கே கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்த கயிறு இப்போது மேற்கே சாய்ந்திருந்தது. ஒரு சருகைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். அது நாங்கள் வந்த ஊர்ப்பக்கம் பார்த்து மிதந்து போயிற்று.

“தண்ணி மேக்கால போவுதுடா” என்றார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகாத தண்ணீரை அவர் பார்த்ததே இல்லை. கண்ணுக்கு எட்டாத தூரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டார்: “கீழ எங்கயோ மதகு ஷட்டர அடச்சுட்டானுங்க. அதான் எதுத்துக்கினு நிக்குது. தொறந்தா வடிஞ்சிடும்.”

ஆகவே காத்திருந்தோம். கடலுக்கு ஷட்டர் இல்லை என்று சொல்ல அங்கே ஒருவன் இருந்தான். நிலவின் ஈர்ப்பால் கடல்நீர் ஏறி இறங்கும் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். எங்கள் வீட்டில் அதையெல்லாம் படித்த முதல் ஆளான நான்தான். ஆனால் அந்தப் பாடம் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. என் காலை நனைத்துக்கொண்டிருந்த தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானும் யாரோ ஷட்டரைத் திறப்பார்கள் என்றுதான் நின்றேன்.

திட்டு ஓரங்களில் கரைந்து சுருங்கிக்கொண்டே வந்தது. அப்பா எங்களை நடுவில் நிறுத்திவிட்டு, வந்த வழியில் இறங்கிப் பார்த்தார். பத்தடி போவதற்குள் மார்பளவு. இன்னும் இரண்டு அடி வைத்ததும் கால் சேற்றில் புதைந்து, உடம்பு பக்கவாட்டில் இழுபட்டது. எங்கள் ஊர்க் கிணற்றில் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிக்கிறவர் அவர். ஆனால் கிணற்றுத் தண்ணீர் ஆளை இழுத்துப் போகாது. கைகளைத் துழாவித் திரும்பி வந்தபோது அவர் உதடு வெளுத்திருந்தது.

“அப்பா, நீந்திப் போலாமா?”

“உங்கள்ல யார வுட்டுட்டுடா போறது?” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

வலைக் கயிற்றை அவிழ்த்து என் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். தங்கையைக் கழுத்தில் ஏற்றிக்கொண்டு கரையைப் பார்த்துக் கத்தினார். “சகல! சகல!” சித்தப்பா சொன்ன அரை மணி எப்போதோ தாண்டியிருந்தது; கரையில் அப்பாவின் சட்டை மட்டும் கிடந்தது. தண்ணீர் அதையும் எடுத்துக்கொண்டு போனது.

என் தொடை, என் இடுப்பு, என் நெஞ்சு. வாளி மிதந்து, சாய்ந்து, கவிழ்ந்தது. அத்தனை நண்டும் போயின. “நண்டுப்பா, நண்டு போவுதுப்பா” என்று தங்கை அவர் தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள். எதற்கும் கோபித்துக்கொள்ளும் அப்பா, “போவட்டும்மா, போவட்டும்மா” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கை என் அக்குளைப் பிடித்துத் தூக்கியிருந்தது.

தண்ணீர் என் மோவாயைத் தொட்டபோது வெள்ளையாக ஏதோ ஒன்று எங்களை நோக்கி வந்தது. சாக்கு சுற்றிக் கட்டிய தெர்மாக்கோல் மிதவை. அதன்மேல் மண்டியிட்டு, ஒரு பலகையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு சித்தப்பா. தங்கையையும் என்னையும் மிதவையில் குப்புறப் போட்டார். அப்பா அதன் ஓரத்தைப் பிடித்து நீந்தி வந்தார்.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. அம்மா மிளகாய் அரைத்த கையோடு ஓடிவந்து எங்களைத் தடவிப் பார்த்தாள். அழுகை அடங்கியதும் அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் சித்தப்பா முன்னால் வந்தார்.

“எம்மேல தப்புங்கண்ணி. ஏத்தம் வரும்னு அண்ணன்கிட்ட சொல்லாமலே போயிட்டேன். அவருக்கு எப்படித் தெரியும்?”

“பச்சப் புள்ளைங்கள நடுத்தண்ணில வுட்டுட்டு இன்னாய்யா அப்படி ஒரு வேல உனக்கு?” என்று அம்மா கத்தினாள். கூட்டத்தில் ஒரு பெரியவரும், “ஏன்டா, வெளியூர்க்காரங்களுக்குச் சொல்ல வேணாம்?” என்று திட்டினார். சித்தப்பா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

எனக்குத் தாங்கவில்லை. செய்யாத தப்புக்கு ஒருவர் ஏச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவா நான் பள்ளிக்கூடம் போகிறேன்?

“இல்லம்மா! சித்தப்பா சொன்னாரு. கல்லக்கூடக் காட்டுனாரு. அப்பாதான் கேக்கல!”

பெரியவர் வேறுபக்கம் பார்த்தார். சித்தப்பா என் தோளைப் பற்றி, “அவனுக்கு இன்னாங்க தெரியும், பயந்துட்டான்” என்று சிரிக்க முயன்றார். அப்பா இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஈரத்தில் இறுகிய முடிச்சு அவிழ வெகுநேரம் பிடித்தது.

மூன்று நாள் தங்குவதாக வந்தவர்கள் அன்று மதியமே கிளம்பினோம். கரும்பு வெட்ட ஆள் வருவதாக அப்பா சொன்னார். பஸ் ஸ்டாண்டில் சித்தப்பா தங்கைக்கு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தார். என் தலையைத் தடவினார். “பொங்கலுக்கு நாங்க வர்றோம்ணே” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா பஸ்ஸின் ஊர்ப் பலகையையே பார்த்துக்கொண்டு, “வாங்க” என்றார்.

எனக்கு சித்தப்பாமேல் மனத்தாங்கலாகவே இருந்தது. அத்தனை பேருக்கு நடுவில் உண்மையைச் சொல்லி அவர்மேல் விழுந்த பழியைத் துடைத்தவன் நான். ஒரு வார்த்தை மெச்சியிருக்கலாம். விருத்தாசலம் தாண்டும்வரை அதையே நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். முன் சீட்டில் அப்பா, ஏறியதிலிருந்து கழுத்தைத் திருப்பாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தார். அந்தப் பக்கம் முந்திரிக் காட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்படி என்ன வேடிக்கை என்று நானும் எட்டி எட்டிப் பார்த்தேன்.