முன்ஷி கூவிய சொல்

முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தகரப் பெட்டிதான். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, அடியில் கண்ணாடி பதித்து, ஓரங்களைத் தார் பூசி அடைத்திருந்தது. அதைக் கடல்மேல் வைத்து முகத்தை உள்ளே கவிழ்த்தால், அடியில் கிடக்கும் பாறையும் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியும் கைக்கு எட்டும் தூரத்தில் தெரியும். கட்டுமரத்தில் எங்களைக் கூட்டிப்போன சிப்பிக்காரர் தன் கையால் செய்தது அது. அதற்குள் முகத்தை விட்ட தமிழ் முன்ஷி வெகுநேரம் தலையை எடுக்கவே இல்லை.

எல்லைப் போராட்டம் மூண்டிருந்த காலம். பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார், அவர் தமிழ் வாத்தியார். மொழி வாத்தியாரை எங்கள் பக்கத்தில் முன்ஷி என்பார்கள். திருநெல்வேலிக்காரர். எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கிளம்பிய ஊர்வலங்களில் அவர் முதல் வரிசை, நான் இரண்டாம் வரிசை. "நாங்க தமிழங்களாக்கும்" என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லித் திரிந்தேன். கடையடைப்பால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த ஒரு நாள், பாறைக்கரைக் கடலைப் பார்த்துவர வேண்டும் என்று அவர்தான் கிளப்பினார். தாமிரபரணியில் நீந்தி வளர்ந்த மனுஷர். நானோ வெள்ளறடைக்காரன்; மரச்சீனிக் கிழங்கு தெரியும், ரப்பர் தெரியும், கடல் தெரியாது.

பெட்டியில் பார்த்தது போதாமல் தானும் முங்கிப் பார்க்க வேண்டும் என்றார் முன்ஷி. சிப்பிக்காரர் அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை என்னிடம் தந்தார். "சாரே, அவரு கேட்டா மட்டும் இழுத்தா போரும்" என்று சொல்லிவிட்டுப் பாறையின் மறுபக்கம் சிப்பி எடுக்க முங்கினார். முன்ஷி இரண்டு முறை முங்கி எழுந்து, கண்டதையெல்லாம் மூச்சிரைக்கச் சொன்னார். மூன்றாம் முறை ஓர் அலை அவரைப் பாறையோடு சேர்த்துத் தள்ளியது. தலை மட்டும் மேலே வந்தது. "வலிக்கு, வலிக்கு" என்று கூவினார்.

நான் இழுத்தேன்.

அவர் ஊர்ப் பேச்சில் 'வலிக்கு' என்றால் வலிக்கிறது. எங்கள் ஊரில் உடம்பு நோவும், வலிக்காது. வெட்டிய மரத்தைச் சாய்க்கக் கயிறு பிடிக்கும்போது ஒருவர் "வலிக்கு" என்று கூவினால், இழு என்று பொருள். அது மலையாளம். ஆனால் எந்தச் சொல் எந்த மொழி என்று பிரித்துப் பார்த்துப் பேசுகிற வழக்கம் எங்களுக்கு ஏது? அவர் கூவக் கூவ, கட்டுமரத்தில் காலை ஊன்றி முழுப் பலத்தோடு இழுத்தேன். இரண்டு பாறைகளுக்கு நடுவில் அவர் கால் சிக்கியிருந்தது எனக்குத் தெரியாது. சிப்பிக்காரர் எழுந்துவந்து, "கயிற விடும் சாரே, விடும்" என்று அலறிய பிறகுதான் கை தளர்ந்தது. அதற்குள் சிப்பி ஓட்டின் கூரில் குதிகால் நரம்பு அறுந்துவிட்டது.

இனி அந்தக் கால் சரியாக ஊன்றாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். தமிழன் என்று கோஷம் போட்ட வாய்க்குச் சொந்தக்காரனுக்குத் தமிழைக் கேட்கக் காது இல்லையே என்று கூசிப்போனேன். முன்ஷி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கு வே அழுதீரு? வலித்தல்னா இழுத்தல்னு பழைய தமிழ்லயே உண்டு. நீரு கேட்டதும் தமிழ்தான்" என்றார்.

ஊர் வேறு கதை கட்டியது. ஊர்வலத்தில் போலீஸ் அடித்துத்தான் முன்ஷியின் கால் போயிற்று என்றார்கள். ஒரு கூட்டத்தில் அவரை மேடையேற்றி மாலையும் போட்டார்கள். கம்பை ஊன்றி எழுந்தவர், "இது அடிபட்ட கால் இல்ல. கடல்ல பாறையில மாட்டினது" என்றார். யாரும் நம்பவில்லை. என்ன அடக்கம் பார் என்று எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். கயிறு யார் கையில் இருந்தது என்று முன்ஷி சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

பிறகு எல்லை போட்டார்கள். பக்கத்துத் தாலுகா விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாங்கள் மலையாளப் பக்கமே நின்றோம். முன்ஷி நொண்டி நொண்டி பஸ் ஏறித் தன் ஊருக்குப் போனார், அங்கேயே காலமானார். இப்போது அந்தப் பாறைகளுக்கு வழிகாட்டியோடு பிளாஸ்டிக் தோணிகளில் ஆட்களைக் கூட்டிப்போகிறார்கள். முகத்தில் கண்ணாடி, வாயில் மூச்சுக்குழாய். போன மாதம் என் பேரன் போய்வந்து, கண்ட மீன்களையெல்லாம் மலையாளத்தில் அடுக்கினான். கேட்டுக்கொண்டிருந்தேன். மனதில் முன்ஷிக்கு மாலை போட்ட அந்தக் கூட்டம்தான் ஓடியது. எழுந்து நின்று "நான்தான் இழுத்தேன்" என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வேண்டிய மட்டும் நேரம் இருந்தது. மேடையில் அவர் ஒற்றைக் காலில் பாரத்தைத் தாங்கி நின்றுகொண்டிருந்தார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.