ஏடிபி போடாத குழாய்

எல்லாச் சோதனைக் குழாய்க்கும் மெஷினில் நம்பர் ஏறியிருந்தது. பொன்னி அழுதுகொண்டிருந்தாள்.

கொல்லிமலை அடிவாரத்துக் கல்லூரி லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுவது என் வேலை. பொன்னி பிஎச்டி மாணவி, மலைமேல் தேவனூர் நாட்டுப் பெண்.

"நம்பர் ஏறுனா நல்லதுதான கண்ணு? எதுக்கு மூக்கச் சிந்தற?"

"ஏடிபி போடாத குழாயிலயும் ஏறியிருக்குது அம்மாயி. அதுல ஏறவே கூடாது."

செல்லுக்குள் கோல்ஜி என்று அடுக்கடுக்கான பைகள். செல் செய்த புரதம்தான் சரக்கு, அது ஒரு பையிலிருந்து அடுத்த பைக்குப் போகும். அதைச் செல்லுக்கு வெளியே, குழாயில் பொன்னி நடத்திக் காட்ட வேண்டும். ஒருவகைக் கோல்ஜியில் சரக்கு உண்டு, அதன்மேல் சர்க்கரை ஒட்டத் தெரியாது. இன்னொன்றுக்கு ஒட்டத் தெரியும், சரக்கு இல்லை. இரண்டையும் கலந்து சர்க்கரை ஒட்டினால் நம்பர் ஏறும், சரக்கு போயிருக்கிறது என்று அர்த்தம். ஏடிபிதான் வண்டிக்கு டீசல். டீசலே இல்லாமல் ஒட்டினால்? பை கிழிந்து எல்லாம் கலந்துவிட்டது.

பொன்னியின் கைடு மேடம் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருந்தார். "திங்கக்கெழம கமிட்டி வருது பொன்னி. இத வெச்சு எக்ஸ்டென்ஷன் கேக்க முடியாது. செல்லும் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருக்குது."

மறுநாள் காலை செல்லை உடைக்கும் வேலை. ஹோமோஜெனைசர் என்பது கண்ணாடி உரல், கண்ணாடி உலக்கை. பொன்னி முதலில் செல் இல்லாத வெறும் பஃபர் தண்ணீரை ஊற்றிக் கை பழகினாள். ஐஸ் கொண்டுபோன எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏஞ்சாமி, உங்கூட்ல இன்னிக்குச் சாமைச் சோறா? இந்தக் குத்துக் குத்தற, உமி பறக்குது!"

மேடம்கூடச் சிரித்துவிட்டார். பொன்னி சிரிக்கவில்லை. தன் கையையே பார்த்தாள்.

"மேடம், செல்லு ஒடஞ்சாப் போதும். மலையில சாமை குத்தற கையிங்க இது. உள்ள இருக்கற பையயும் சேத்துக் குத்திட்டேனுங்க."

அப்புறம் செல்லை ஊற்றினாள். பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி உலக்கையை இறக்கினாள். நடுநடுவே ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். செல் உடைந்ததும் நிறுத்திவிட்டாள்.

சாயங்காலம் எண்ணும் மெஷின் நம்பர் காட்டியது. அவள் முதலில் பார்த்தது ஏடிபி போடாத குழாயை.

"ஒன்னுமே இல்லீங்க மேடம்! ஒன்னுமே நடக்கல!"

குதித்தாள். ஏடிபி போட்ட குழாயில் நம்பர் ஏறியிருந்தது. "போயிருக்குது," என்றார் மேடம், மெதுவாக. திங்கட்கிழமை கமிட்டியும் தலையாட்டிவிட்டுப் போனது.

லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளே, நடந்ததைப் பார்த்துக் குதிக்கும் முன், நடக்கக் கூடாதது நடக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்று எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்த இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. எனக்கு இரண்டு துண்டு.