வெர்னாவின் பதினொன்றரை அடி

பிஷப் என்ற மலையடிவார ஊரின் விமானக் கொட்டகையில் தரை ஐஸாய்ச் சில்லிட்டுக் கிடக்கும். அதில் மல்லாந்து படுத்து, விமானத்தின் வயிற்றில் பதித்த கண்ணாடியை வெர்னா துடைத்துக்கொண்டிருப்பாள். ஊதுவாள், துடைப்பாள், மறுபடி ஊதுவாள். அந்தக் கண்ணாடி வழியாகத்தான் லேசர் பாய்ந்து, கீழே சியரா மலையைத் தொட்டுத் திரும்பும். "ஒரு பூச்சி ஒட்டியிருந்தாலும் மலையே பொய் சொல்லும்ப்பா" என்பாள். விமானம் ஓட்டுகிற நான் அரை மணி நேரம் குளிரில் நிற்க வேண்டும். எரிச்சல் வராதா? வரும்.

பறக்கும் நாளில் ஒரு சொட்டுக் காபி குடிக்கமாட்டாள். எங்கள் சின்ன விமானத்தில் கழிப்பறை கிடையாது. பறப்பதோ ஐந்து மணி நேரம். நான் குடித்தாலும் திட்டுதான். "நடுவுல இறங்கணும்னு கேட்டே, உன்னை மட்டும் இறக்கிவிட்டுடுவேன்!" ஓட்டுவது நான் என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

கோடையில் வெறும் மலையை அளப்போம். ஏப்ரலில் பனியோடு அளப்போம். இதில் அதைக் கழித்தால் பனியின் ஆழம். அதைப் பார்த்துத்தான் கீழே உள்ள அணையின் மதகைத் திறப்பார்கள்; பனி அதிகமென்றால், அது உருகி வருவதற்குள் அணையில் இடம் விட வேண்டுமே. போன ஏப்ரலில் மலை மேலே உள்ள புல்வெளியின் பனிக்கு வெர்னா சொன்னது பதினொன்றரை அடி. முப்பது வருஷமாகக் கம்பு குத்தி அளக்கும் அணை மேற்பார்வையாளர் ஹார்லன், ஏழு அடி என்றார். அவர் சொல்வது சரியென்றால், மதகைத் திறப்பது விவசாயிகளின் கோடைத் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்ப்பது. அவள் சொல்வது சரியென்றால், திறக்காவிட்டால் கீழே ஊருக்குள் வெள்ளம்.

"ஏம்மா, என் கம்பு தரையில முட்டுது. நீ ஆகாசத்துல இருந்து பாத்துட்டு என்கிட்ட கதை விடுறியா?"

"வாங்க, நீங்களே குத்துங்க. நான் கம்பைத் தொடக்கூட மாட்டேன்."

பனி வண்டியில் மூவரும் போனோம். ஹார்லன் குத்தினார். ஏழாவது அடியில் 'டக்'.

"பாத்தியா!"

"ஜனவரியில பனி மேல மழை பெஞ்சு உறைஞ்சுபோச்சே, மறந்துட்டீங்களா? அதுதான் முட்டுது. முழு பாரத்தையும் போட்டு அழுத்துங்க."

முணுமுணுத்துக்கொண்டே அழுத்தினார். உள்ளே ஏதோ மடக்கென்று உடைந்தது. கம்பு சர்ரென்று இறங்கியது. நீளம் போதாமல் இன்னொரு துண்டைத் திருகி மாட்டினார். பதினொன்றரைக்கு இரண்டு விரல் குறைவாக, மண்ணில் மெத்தென்று நின்றது. எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

ஹார்லன் முகம் சிவக்க, சாட்டிலைட் போனை எடுத்தார். "மதகைத் திறங்கப்பா, இப்பவே. நானே நேர்ல வந்து அளந்துட்டேன். எனக்கு முன்னாலயே சந்தேகம்தான்..."

நான் வாயைத் திறந்தேன். வெர்னா என் காலை மிதித்தாள். பிறகு கம்பளித் தொப்பியைக் காது மூடும்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, எதிர் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.