எல்லாரையும் கூப்பிட்டுவிட்டேன்

திங்கட்கிழமை மதியம் கட்டுமாவடியிலிருந்து கடலுக்குப் போன என் வீட்டுக்காரர் செவ்வாய் காலையில் கரை திரும்பியிருக்க வேண்டும். புதன் விடிந்தும் வரவில்லை. போன ஐப்பசி மாதம் அது, காற்று சரியில்லை. மூன்று பேர் போன படகு. போன் எடுக்கவில்லை. தேடப் போனவர்களும் வெறுங்கையோடு திரும்பினார்கள். என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வீட்டுக்கும் கரைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

என் கையில் இறை ஊழியர் செபமாலை சாமியின் செபப்படம் இருந்தது. காலரா வந்த காலத்தில் எங்கள் கடற்கரை ஊர்களில் நோயாளிகளோடேயே கிடந்து உயிரை விட்ட குருவானவர். இன்னும் புனிதர் பட்டம் வரவில்லை. அதற்கு அவர் வழியாக ஒரு புதுமை, அதாவது அற்புதம், நடந்ததாக நிரூபணமாக வேண்டும் என்று பங்குத்தந்தை பூசையில் சொல்லியிருந்தார். நான் படத்திலிருந்த செபமாலை சாமியிடம் சண்டைக்காரி மாதிரிதான் பேசினேன்.

"சாமி, பெரிய புனிதருங்ககிட்டல்லாம் கூட்டம். ஒங்களுக்குத்தான் நேரம் இருக்கும். அவரக் கொண்டாந்து விட்டுருங்க. நான் ரோமுக்கே சாட்சி எழுதித் தாரேன்."

ஒன்பது நாள் சொல்ல வேண்டிய நவநாள் செபத்தை அந்தக் காலையிலேயே ஒன்பது தடவை சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். நாலாவது தடவையில் பொறுமை போய்விட்டது. ஆரோக்கிய மாதாவே, அந்தோணியாரே, செபஸ்தியாரே, சவேரியாரே என்று வாயில் வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டேன்.

பதினொரு மணிக்குப் போன் வந்தது. இன்ஜின் நின்று காற்றோடு போன படகை வேறு ஊர்க்காரர்கள் பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். மணலிலேயே விழுந்து அழுதேன்.

அடுத்த ஞாயிறு பங்குத்தந்தையிடம் சாட்சிப் படிவம் வாங்கி வந்தேன். அதில் ஒரு கேள்வி: இந்த வேண்டுதலை வேறு புனிதர்களிடமும் வைத்தீர்களா? ஆமாம் என்றால் இதை அவருடைய புதுமையாக எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. வாக்குக் கொடுத்தவள் நான். 'இல்லை' என்று எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

வீட்டுக்காரர் படிவத்தைப் பார்த்தார். "நானே அங்கிட்டு மாதாவத்தான் கூப்புட்டுக் கெடந்தேன். பொய் சொல்லியா அவருக்குப் பட்டம் வாங்கித் தரப்போற?"

ஆமாம், எல்லாரிடமும் கேட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். பங்குத்தந்தை படித்துவிட்டு, "இது போதாதும்மா" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

படகு போகிற நாளெல்லாம் இப்போதும் பதறுகிறேன். ஆனால் தொடங்கிய செபத்தைப் பாதியில் விடுவதில்லை.

அன்பானவர்களே, அன்றைக்கு வந்து உதவியது யார் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. என் பிள்ளைகளுக்கு அப்பா இருக்கிறார், ஆண்டவருக்கு நன்றி. உங்களுக்கு ஓர் இக்கட்டு வந்தால் செபமாலை சாமியை நம்பிக் கூப்பிடுங்கள். அவர் ஒருவரை மட்டும் கூப்பிடுங்கள். என்னால் அது முடியாமல் போய்விட்டது.